அனுமதி கேட்கும் கைபேசியும் அமானிதமும்

பிறர் வீட்டு வாசலில் நின்று ஸலாம் சொல்ல வேண்டும். உள்ளே வரலாமா என்று கேட்க வேண்டும். விடை வந்த பிறகே காலடி எடுத்து வைக்க வேண்டும். திரும்பிப் போகச் சொன்னால் மனத்தாங்கல் இன்றித் திரும்பிவிட வேண்டும். திருமறையின் ‘அந்நூர்’ அத்தியாயத்தில், 27, 28ஆம் வசனங்களில், அல்லாஹு தஆலா இந்த ஒழுக்கத்தை நமக்குக் கட்டளையாகவே அருளியுள்ளான்.

இதன் நோக்கம் என்ன என்பதை அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்வில் நடந்த ஒரு நிகழ்ச்சி தெளிவாக்குகிறது. ஒருவர் அவர்களுடைய அறையின் துவாரம் வழியே உள்ளே எட்டிப் பார்த்தார். நாயகம் (ஸல்) அவர்கள் அவரைக் கடுமையாகக் கண்டித்தார்கள். அனுமதி கேட்கும் முறை ஏற்பட்டதே பார்வையை முன்னிட்டுத்தான் என்றும் விளக்கினார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் இது பதிவாகியுள்ளது. அந்த மனிதரின் கால் வாசலைத் தாண்டவில்லை. கண் மட்டுமே தாண்டியது. அதுவே குற்றமாயிற்று.

நம் காவிரிக் கரை ஊர்களின் பழைய வீடுகள் இந்த ஒழுக்கத்தைச் சுவரிலும் வாசலிலும் எழுதி வைத்தவை. நாகூரானாலும், அதிராம்பட்டினமானாலும், கூத்தாநல்லூரானாலும், ராஜகிரியானாலும், திண்ணை வரை யார், கூடம் வரை யார், உள் அறை வரை யார் என்பது குழந்தைக்கும் தெரியும். திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தவர் ‘அனுமதிதான் கிடைத்துவிட்டதே’ என்று அலமாரியைத் திறந்து பார்த்தால் ஊர் என்ன சொல்லும்?

இன்று வீட்டுக்குள் இன்னொரு வீடு வந்திருக்கிறது. அது நம் கைபேசி. பெண்மக்களின் புகைப்படங்கள், வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுடன் பேசிய பேச்சு, கொடுக்கல் வாங்கல், நோய்ச் சீட்டு, நிச்சயம் ஆகாத சம்பந்தப் பேச்சு, இரகசியமாகக் கொடுத்த ஸதகா எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. இந்த வீட்டின் வாசலிலும் வருகிறவர்கள் அனுமதி கேட்கத்தான் செய்கிறார்கள். ஒரு புதிய செயலியை இறக்கியதும், ‘இருப்பிடத்தை அறிய அனுமதிக்கிறீர்களா? தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதிக்கிறீர்களா?’ என்று வினவுகிறது. நாமோ, யார், எதற்கு, எதுவரை என்று ஒரு கணமும் எண்ணாமல் ‘ஆம்’ என்று அழுத்திவிடுகிறோம். கேட்கும் ஒழுக்கத்தை மார்க்கம் கற்பித்தது போலவே, யோசித்து விடை சொல்லும் பொறுப்பையும் அது நம்மீது சுமத்தியிருக்கிறது அன்றோ!

தொழுகையின் பெயரால் நடந்தவை

இது வீண் அச்சம் என்று யாரும் கருதிவிடக் கூடாது. 2020ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அமெரிக்காவின் ‘மதர்போர்ட்’ இணைய ஏடு ஒரு செய்தியை வெளியிட்டது. தொழுகை நேரமும் கிப்லா திசையும் காட்டும் ‘முஸ்லிம் ப்ரோ’ என்ற செயலி அப்போது உலகெங்கும் 9 கோடியே 80 லட்சம் தடவைக்கு மேல் இறக்கப்பட்டிருந்தது. அதைப் பயன்படுத்தியவர்களின் இருப்பிட விவரங்கள் ‘எக்ஸ்-மோட்’ என்ற அமெரிக்கத் தரகு நிறுவனத்துக்குச் சென்றன. அந்நிறுவனத்திடம் விவரங்களை வாங்கியவர்களில் அமெரிக்க ராணுவத்துக்கு வேலை செய்யும் ஒப்பந்தக்காரர்களும் இருந்தனர். செயலியை நடத்தும் சிங்கப்பூர் நிறுவனம், தாங்கள் ராணுவத்துக்கு நேரடியாக எதையும் விற்கவில்லை என்று மறுத்தது; எக்ஸ்-மோடுடன் உள்ள தொடர்பை உடனே முறித்துக் கொள்வதாகவும் அறிவித்தது.

2021 ஜனவரியில், ‘ஸலாத் ஃபர்ஸ்ட்’ என்ற மற்றொரு தொழுகைச் செயலியின் விவரங்கள் பிரான்ஸ் நாட்டின் ஒரு தரகு நிறுவனத்துக்குப் போய்க் கொண்டிருந்தது வெளியாயிற்று. 2022இல், இரகசியமாக விவரம் திரட்டும் நிரல் உள்ளே இருந்ததால் கூகுள் நிறுவனம் பல செயலிகளைத் தன் கடையிலிருந்து அகற்றியது. ஒரு கோடிக்கு மேல் இறக்கப்பட்ட முஸ்லிம் தொழுகைச் செயலியும் அவற்றில் இருந்தது. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம், எக்ஸ்-மோடும் அதன் வழிவந்த நிறுவனமும், மக்கள் வணக்கத்தலங்களுக்குச் சென்று வருவது போன்ற நுண்ணிய இருப்பிட விவரங்களை விற்கக் கூடாது என்று தடுத்தது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் கோடிக்கணக்கான முஸ்லிம்களும் அனுமதி கொடுத்தே இருந்தார்கள். கிப்லாவை அறிவதற்காகக் கொடுத்தார்கள். அது வேறொன்றுக்குப் பயன்பட்டது. ஃபிக்ஹு நூல்களின் ‘வதீஆ’ பாடத்தில், ஒருவர் பாதுகாப்புக்காகக் கொடுத்த பொருளை, உடையவரின் சம்மதமின்றி, தக்க காரணமுமின்றி மூன்றாமவரிடம் ஒப்படைத்தவர் அதற்குப் பொறுப்பாளியாகிறார் என்று படிக்கிறோம். நெல் மூட்டைக்கு உள்ள இந்த நியாயம் ஒரு மனிதனின் நடமாட்டத்துக்கும் இரகசியத்துக்கும் இல்லாமற் போகுமா?

மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

‘நாம் தவறு எதுவும் செய்யவில்லை, மறைப்பதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது? அல்லாஹ்தான் எல்லாவற்றையும் பார்த்துக் கொண்டிருக்கிறானே!’ என்று சிலர் வினவலாம். நல்ல உள்ளத்திலிருந்து பிறக்கும் வினாதான். ஆயினும் அதில் இரண்டு பிழைகள் இருக்கின்றன.

முதற்பிழை, இரகசியம் என்றாலே பாவம் என்று எண்ணுவது. சிறுவராக இருந்த அனஸ் (ரலி) அவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு வேலையாக அனுப்பினார்கள். வீடு திரும்பத் தாமதமாயிற்று. தாயார் காரணம் கேட்டபோது, அது நாயகத்தின் இரகசியம் என்று அனஸ் (ரலி) கூறினார்கள். அந்தத் தாய் துருவிக் கேட்கவில்லை. அதை யாரிடமும் வெளியிட வேண்டாம் என்றே மகனுக்கு அறிவுறுத்தினார். முஸ்லிம் கிரந்தத்தில் உள்ள செய்தி இது. அந்த வேலையில் மறைக்கத்தக்க குற்றம் இருந்திருக்க முடியுமா? முடியாது. ஆனாலும் அது காக்கப்பட்டது. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாமல் ஸதகா செய்பவரை அர்ஷின் நிழல் பெறும் எழுவரில் ஒருவராக நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணிக் காட்டியதும் நாம் அறிந்ததே. நன்மைக்கும் திரை உண்டு. அல்லாஹ் பார்க்கிறான் என்பது உண்மை. அவன் பார்ப்பதால் அடியார்கள் எல்லாரும் எட்டிப் பார்க்கலாம் என்று ஆகிவிடாது. ‘அல்ஹுஜுராத்’ அத்தியாயத்தின் 12ஆம் வசனத்தில் துருவித் துருவி ஆராய்வதைத் தடுத்தவனும் அவனே.

இரண்டாம் பிழை இதைவிடப் பெரியது. கைபேசியில் இருப்பதெல்லாம் நம்முடையது என்ற எண்ணமே அது. நம் கைபேசியில் நானூறு பேரின் எண்கள் இருக்கின்றன என்று வைத்துக் கொள்வோம். ‘தொடர்பு எண்களைப் பார்க்கலாம்’ என்று ஒரு விளையாட்டுச் செயலிக்கு நாம் அனுமதி கொடுத்தால், அந்த நானூறு பேரின் சார்பில் கையெழுத்திடுகிறோம். அவர்களில் இத்தா இருக்கும் சகோதரி இருப்பார். கடன் சுமையால் தலைமறைவாக இருப்பவர் இருப்பார். தம் எண்ணை யாருக்கும் தர வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்த பெரியவரும் இருப்பார். அவர்களில் யாரைக் கேட்டு நாம் சம்மதம் சொன்னோம்? ஒருவர் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டுச் சுற்றுமுற்றும் திரும்பிப் பார்த்தாலே அது அமானிதமாகிவிடும் என்ற கருத்தில் அபூதாவூத், திர்மிதி ஆகிய நூல்களில் நபிமொழி உண்டு. இரகசியம் என்று வாயால் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பார்வையே போதும் என்கிறது மார்க்கம்.

ஆகவே, ‘எனக்கு மறைக்க ஒன்றுமில்லை’ என்பது விடையாகாது. நம்முடையதை நாம் தாராளமாகக் கொடுக்கலாம். பிறருடைய அமானிதத்தைக் கொடுக்க நாம் யார்?

கண் முன் நிறுக்கும் தராசு

அப்படியானால் எந்தச் செயலியை நம்புவது? அதன் உள்ளே என்ன நடக்கிறது என்பதை நாம் எவ்வாறு அறிவது?

நம் பகுதியில் அறுவடைக் காலத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள் திறக்கப்படுகின்றன. விவசாயி தன் நெல்லைக் கொண்டு போய்க் குவிக்கிறார். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பிறகு 40 கிலோ மூட்டைகளாக எடை போடுகிறார்கள். எடை போடும்போது விவசாயி தராசின் பக்கத்தில் நின்று எண்ணைப் பார்க்கிறார். இதை யாரும் சந்தேகப் புத்தி என்று பழிப்பதில்லை. கண் முன் நிறுப்பது இரு தரப்புக்கும் கண்ணியம். தராசைத் திரைக்குப் பின்னால் வைத்து, ‘சரியாகத்தான் நிறுத்தோம், நம்புங்கள்’ என்று சொன்னால் யார் ஒப்புவார்? அளவை, நிறுவையில் மோசம் செய்வோரை எச்சரிப்பதற்கென்றே ‘அல்முதஃப்ஃபிஃபீன்’ அத்தியாயம் தொடங்குகிறது.

செயலி என்பது கணினி மொழியில் எழுதப்பட்ட கட்டளைகளின் தொகுப்பு. அதற்கு நிரல் என்று பெயர். பெரும்பாலான நிறுவனங்கள் தம் நிரலை யாருக்கும் காட்டுவதில்லை. அது திரைக்குப் பின்னால் உள்ள தராசு. வேறு சிலர் தம் நிரலை முழுவதும் வெளியிட்டு, யார் வேண்டுமானாலும் படிக்கலாம், சோதிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம் என்று உரிமை தருகிறார்கள். இதனையே ‘திறந்த மூலநிரல்’ என்றும் ‘கட்டற்ற மென்பொருள்’ என்றும் தமிழில் வழங்குகிறோம். அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் தொடங்கிய இயக்கம் இதற்கு அடிப்படையிட்டது. தமிழிலும் ‘கணியம்’ என்ற இணைய இதழ் 2012 முதல் இதைப் பற்றி எழுதி வருகிறது. திரைப்பேழைகள் பலவற்றையும் இயக்கும் விஎல்சி, இணையம் பார்க்கும் ஃபயர்ஃபாக்ஸ், கடிதம் எழுதும் லிப்ரெஆபீஸ் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவையே.

காசு கேட்காத செயலியெல்லாம் கட்டற்ற செயலி ஆகாது. கட்டணம் இல்லாதது வேறு. கட்டு இல்லாதது வேறு. மேலே கூறிய தொழுகைச் செயலிகளையும் மக்கள் காசின்றித்தான் இறக்கினார்கள். விலை வேறு வழியில் வசூலாயிற்று.

‘நிரலைத் திறந்து வைத்தால் நமக்கென்ன, நமக்கு அது படிக்கத் தெரியாதே!’ எனலாம். ஜனாஸா தொழுகையை ஊரில் சிலர் நிறைவேற்றினால் மற்றவர் மீதுள்ள பொறுப்பு நீங்குவது போன்றதே இது. எல்லாரும் படிக்க வேண்டியதில்லை. படிக்கத் தெரிந்தவர் சிலர் படித்தால் போதும். ஆனால் படிப்பதற்கு வழி திறந்திருக்க வேண்டும். திறந்திருப்பதால் மட்டும் ஒன்று குற்றமற்றதாகிவிடாது. ஒருவரும் பார்க்காத திறந்த தராசிலும் பிழை வரலாம். கணினி படித்த பட்டதாரிகள் இன்று நம் மஹல்லா ஒவ்வொன்றிலும் இருக்கிறார்கள். அவர்கள் சமுதாயத்துக்குச் செய்யத்தக்க கித்மத் இது.

வணக்கத்துக்கு வேண்டியது எவ்வளவு?

தொழுகைச் செயலியையே எடுத்துக் கொள்வோம். தொழுகை நேரத்தைக் கணக்கிட ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை, அன்றைய தேதி ஆகியவை போதும். நாகப்பட்டினத்துக்கும் தஞ்சாவூருக்கும் சூரிய உச்சியில் உள்ள வேறுபாடு 3 நிமிடத்துக்குள் அடங்கிவிடுகிறது. தஞ்சையில் கிப்லா மேற்கிலிருந்து ஏறத்தாழ 21 பாகை வடக்காக உள்ளது. அது நாளுக்கு நாள் மாறுவதில்லை. ஊரின் பெயரை ஒருமுறை கொடுத்தாலே போதுமான இந்த வேலைக்கு, நாம் எந்தத் தெருவில் நடக்கிறோம், எந்தப் பள்ளியில் எவ்வளவு நேரம் இருந்தோம் என்று இரவும் பகலும் பார்த்துக் கொண்டிருக்க என்ன அவசியம்? தேவைக்கு மேல் கேட்பவரிடம் காரணம் கேட்பது நம் உரிமை.

இரகசியத்தை விட முக்கியமான ஒன்றும் இதில் இருக்கிறது. அது வணக்கத்தின் செல்லுபடி. சூரியன் அடிவானத்துக்கு 18 பாகை கீழே இருக்கும்போது சுபுஹு நேரம் தொடங்குவதாகக் கணக்கிடும் முறை உண்டு; 15 பாகை என்று கொள்ளும் வட அமெரிக்க முறையும் உண்டு. நம் அட்சரேகையில் இவ்விரண்டுக்கும் இடையே சுமார் 12 நிமிட வேறுபாடு வருகிறது. 18 பாகை முறையைப் பின்பற்றும் ஊரில், 15 பாகை முறையில் அமைந்த செயலியை நம்பி ரமளானில் ஸஹர் உண்பவர், சுபுஹு வந்து 12 நிமிடம் ஆகும்வரை உண்டுகொண்டிருப்பார்! அதுபோலவே, அஸர் நேரத்தில் ஷாஃபிஈ மத்ஹபுக்கும் ஹனஃபி மத்ஹபுக்கும் நம் பகுதியில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வேறுபடும். கடலோர ஊர்களில் ஷாஃபிஈகளும் உள்நாட்டு ஊர்களில் ஹனஃபிகளும் மிகுந்து வாழும் நம் மாவட்டங்களில் இது சிறிய செய்தியன்று.

மூடிய செயலியில் நாம் காண்பது கணக்கின் முடிவை மட்டுமே. திறந்த செயலியில் கணக்கையே காணலாம். இன்று நிரல் திறந்த தொழுகைச் செயலிகள் இருக்கின்றன. ‘எஃப்-டிராய்ட்’ என்ற தொகுப்பில் கிடைக்கும் ‘அல்-அஸான்’ அவற்றுள் ஒன்று. குர்ஆன் ஓதுவதற்கும் ‘குர்ஆன் ஃபார் ஆண்ட்ராய்ட்’ என்ற திறந்த செயலி உண்டு. எதை வைத்துக் கொண்டாலும், உள்ளூர்ப் பள்ளிவாசலின் கால அட்டவணையுடன் ஒப்பிட்டு, ஆலிம்களிடம் காட்டித் தெளிவு பெற்ற பிறகே நம்ப வேண்டும்.

வரம்பு மீறாத பேணுதல்

இவ்வளவும் கூறுவதால், மூடிய செயலிகள் எல்லாம் ஹராம் என்று நாம் தீர்ப்புச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். ஃபத்வா வழங்குவது முஃப்திகளின் பொறுப்பு. அல்லாஹ் ஆகுமாக்கியதை நாமாக விலக்கிக் கொள்வதும் வரம்பு மீறலே. ஆனால் ஹலாலும் தெளிவு, ஹராமும் தெளிவு, இடையே ஐயத்துக்குரியவை உள்ளன, அவற்றைத் தவிர்ந்து கொள்பவர் தம் மார்க்கத்தையும் மானத்தையும் காத்துக் கொள்கிறார் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. இந்தப் பேணுதலையே நாம் வேண்டுகிறோம்.

‘பிள்ளைகள் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் வாட்ஸ்அப்பில்தான் பேசுகிறார்கள். அதை விட்டுவிட்டால் உறவு அறுந்து போகாதா?’ என்று தாய்மார்கள் கேட்பது நியாயம். உறவைப் பேணுவது கடமை. அதை அறுத்துவிட்டு வரும் பேணுதல் பேணுதலாகாது. வாட்ஸ்அப்பில் பேசும் பேச்சு 2016 முதல் இருவருக்கிடையே பூட்டப்பட்டே செல்கிறது. ஆனால் யார் யாருடன், எப்போது பேசினார்கள் என்ற விவரம் அந்நிறுவனத்துக்குத் தெரியக் கூடும். அந்தப் பூட்டை உருவாக்கியவர்களே ‘சிக்னல்’ என்ற செயலியை நடத்துகிறார்கள். அதன் நிரல் திறந்தது. 2018 முதல் இலாப நோக்கமற்ற அறக்கட்டளையின் கீழ் இயங்குகிறது. 2016இல் அமெரிக்க நீதித்துறை ஒருவரைப் பற்றிய விவரம் கேட்டபோது, கணக்குத் தொடங்கிய நேரமும் கடைசியாகத் தொடர்பு கொண்ட நாளும் மட்டுமே அவர்களிடம் கொடுப்பதற்கு இருந்தன. வேண்டாததை வாங்கி வைக்காமலிருப்பதே அமானிதத்தைக் காக்கும் முதல் வழி என்பதற்கு இது சான்று. எனவே பழைய தொடர்பை அறுக்காமல், வீட்டாரிடையே நடக்கும் அந்தரங்கப் பேச்சையேனும் மெல்ல மெல்ல நல்ல இடத்துக்கு மாற்றலாம். உறவினரை வற்புறுத்த வேண்டாம், கனிவாக எடுத்துரைப்போம்.

வீட்டிலும் ஜமாஅத்திலும்

முதலாவதாக, வணக்கத்துக்குரிய செயலிகளிலிருந்து தொடங்குவோம். இவற்றில் நிரல் திறந்தவை எளிதாகக் கிடைக்கின்றன. மாற்றினால் எந்த உறவும் பாதிக்கப்படாது.

இரண்டாவதாக, கைபேசியின் அமைப்புப் பகுதியைத் திறந்து, எந்தச் செயலிக்கு எந்த அனுமதி கொடுத்திருக்கிறோம் என்று மாதம் ஒருமுறை பார்வையிடுவோம். திண்ணைக்குரியவரை உள் அறையிலிருந்து திண்ணைக்கே அனுப்புவோம். கேட்கப்படும் அனுமதியை மறுத்தாலும் பெரும்பாலான செயலிகள் வேலை செய்யவே செய்கின்றன.

மூன்றாவதாக, தொடர்பு எண்களைப் பார்க்கும் அனுமதியை மிக அரிதாகவே கொடுப்போம். அவை பிறருடைய அமானிதம்.

நான்காவதாக, ஜமாஅத் நிர்வாகிகளின் மேலான கவனத்துக்கு ஒன்று. ஸகாத் பெறுவோர், விதவையர், திருமண உதவி வேண்டுவோர் ஆகியோரின் பெயர்ப் பட்டியல்கள் இன்று பெருங்குழுக்களில் படத்துடன் சுற்றி வருவதைக் காண்கிறோம். உதவும் நோக்கம் நல்லதே. ஆயினும் ஓர் ஏழையின் முகத்திரையை விலக்கிவிட்டுக் கொடுக்கும் உதவியில் எத்தனை பரக்கத் இருக்கும்? அப்பட்டியல் இருவர் அல்லது மூவரிடம் மட்டும், பூட்டு உள்ள இடத்தில் இருக்கட்டும். ஒருவரின் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று நம் நாட்டு உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். நமக்கோ அதற்கு நெடுங்காலம் முன்பே வாசலில் நின்று ஸலாம் சொல்லக் கற்பித்த மார்க்கம் இருக்கிறது.

ஐந்தாவதாக, திறந்த செயலிகளை ஆக்கித் தருபவர்களில் பலர் ஊதியமின்றி உழைப்பவர்கள். தண்ணீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் கூட்டாளிகள் என்ற கருத்துள்ள நபிமொழி அபூதாவூதில் உண்டு. ஆற்று நீர் ஒருவரின் வயலோடு நின்றுவிடாமல் கடைமடை வரை பாய வேண்டும் என்பதை நம்மைவிட யார் அறிவார்? அறிவும் அவ்வாறு பாய வேண்டும் என்று உழைப்பவர்களுக்கு, வசதியுள்ளவர்கள் பொருளாலும் இளைஞர்கள் உழைப்பாலும் உதவலாம். மனிதன் மறைந்த பிறகும் நன்மை சேர்க்கும் மூன்றில் ஒன்று பயன்தரும் கல்வி அல்லவா!

நாளை மறுமையில் நம் காதும் கண்ணும் உள்ளமும் விசாரிக்கப்படும் என்று திருமறை எச்சரிக்கிறது. ‘ஆம்’ என்று அழுத்திய விரலும் அவ்விசாரணைக்குத் தப்பாது. வல்ல நாயன், நம்மை நம்பியவர்களின் அமானிதங்களைப் பேணிக் காக்கும் நற்பேற்றை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! நம் குறைகளை இம்மையிலும் மறுமையிலும் தன் திரையால் மூடி அருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.